கோடு விடாமல் வெட்டிய தகடுகள்

என் மனைவியிடம் "சுமாரா", "ஒரு இதுக்கு" என்றெல்லாம் அளவு சொல்லி யாரும் தப்பித்துவிட முடியாது. ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்கப் போனாலும் கைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவிடுவாள். பண்ருட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், மீட்டர் கம்பியை வைத்து அளந்து முடித்த பிறகு, அந்தக் கம்பியையே அவள் அளந்து பார்த்ததைக் கண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

அவள் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலகையில் தாளை விரித்துப் பேனாவால் வரைந்தாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதில் வரைந்தாள். போன வருஷம் கழுத்துவலி தாங்காமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். நான் சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட்டில் ஷிப்ட் பார்க்கிறவன். எனக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் பாக்கி இருப்பதால் குவார்ட்டர்ஸை விட்டு யாரும் எங்களை எழுப்பவில்லை. நான் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப். என் பேச்சைக் கேட்டால் வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கிறது என்பாள். அவள் பேச்சுக்கு ஊரே கிடையாது என்பேன் நான்.

ஆபீசில் பிரிவு உபசாரம் செய்து, ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கடிகாரத்தை மாட்ட நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நேராக இல்லை என்று அதற்குள் ஒரு தடவை பிடுங்கவைத்துவிட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துகொண்டிருந்த நேரத்தில், கீழே நின்றபடி அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இத்தனை வருஷமா வரைஞ்சேனே, அதுல ஒண்ணையாவது செஞ்சு முடிச்ச பொருளா கையில எடுத்துப் பாத்திருக்கேனான்னு யோசிச்சேன். ஒண்ணுகூட இல்லங்க."

"அதான் சொரங்கம் பூரா ஒன் டிராயிங்லதான ஓடிக்கினு இருக்குது" என்றேன்.

"ஓடுதுன்னு நீங்க சொல்றீங்க. நான் பாக்கலையே."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்ததைத்தான் பார்க்கவில்லை என்கிறாள்.

ஆயுத பூஜை அன்று எங்களைக் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். மிஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு ஒரு நாள் சுரங்கம் திருவிழாக் கோலத்தில் இருக்கும். எல்லோர் மனைவியும் பெரிய மிஷினுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இவள் மட்டும் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும் என்றாள். பெல்ட்டைத் தாங்கும் ரோலர்களைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பிராக்கெட் உண்டு. அதை அவள் அப்போதுதான் திருத்தி வரைந்து கொடுத்திருந்தாள். அது எங்கள் பெல்ட்டில் மாட்டியிருக்கிறது என்று நான்தான் வாயைக் கொடுத்திருந்தேன். பட்டுப்புடவையை ஒரு கையில் கூட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்தவள் முகம் சுண்டிப்போனது.

பிராக்கெட்டில் இருந்த ஓட்டைகளில் பாதியை எங்கள் ஆட்கள் இரும்பை உருக்கி வெட்டுகிற கேஸ் கட்டிங் வைத்து நீளமாக இழுத்திருந்தார்கள். ஒரு ஓரத்தைச் சுத்தியலால் அடித்து மடக்கியிருந்தார்கள்.

"இது நான் போட்டது இல்ல" என்றாள்.

"நீ போட்டதுதான். ஷிப்டுல பெல்ட் நின்னுட்டா ஒவ்வொருத்தனா வந்து மேல வுழுவானுங்க. ஓட்ட சேரலன்னா கேஸ வச்சி இழுத்து மாட்டிக்கினு போய்க்கினே இருப்போம்."

"அப்ப நான் எதுக்கு அரை மில்லி வரைக்கும் பாத்துப் பாத்து வரையறேன்?"

பொட்டலம் கட்டிக் கொடுத்த பொரியை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. அதற்குப் பிறகு ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டால் வீட்டில் வேலை இருக்கிறது என்றுவிடுவாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வசனம் வந்து ஒட்டிக்கொண்டது. வொர்க்‌ஷாப்பிலிருந்து யார் போன் செய்து, மேடம் இந்த இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமா, அந்தக் கோடு வேண்டுமா என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "டிராயிங்ல இருக்கறபடி செய்ங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க." கடைசியில் வீட்டிலும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் பிளாக்கில் ஜாக்கெட் தைக்கிற அம்மாவும் அந்த வசனத்தைக் கேட்டிருக்கிறார்.

கடிகாரம் மாட்டிக் கொஞ்ச நாளில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நான் ஒரு மிஷின் செய்யப்போறேன்" என்றாள். கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் மேலேயே ஒரு கட்டர் சுற்றிக்கொண்டு போய்ப் பலகையை வெட்டித் தரும் மிஷின். சிஎன்சி என்று அதற்குப் பெயர். பெரிய பெரிய தொழிற்சாலையில் இருப்பதை இப்போது வீட்டிலேயே சின்னதாகச் செய்துகொள்கிறார்களாம், வீடியோ பார்த்திருக்கிறாள்.

"மாவாட்டுமா அது?" என்றேன்.

"ஆட்டாது. ஆனா ஒண்ணு. நான் கோடு போடுவேன், கட்டர் வெட்டும். நடுவுல கேஸ் கட்டிங்கோட ஒருத்தரும் வரமாட்டாங்க."

அது எனக்கு விழுந்த அடி என்று புரிந்தது. ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பார்சல்கள் வர ஆரம்பித்தன. மோட்டார் வந்தது, வழவழவென்று இரும்புத் தண்டவாளம் மாதிரி நாலைந்து வந்தது, ஒயர் கட்டுகள் வந்தன. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தை ஒட்டி ஷீட் இறக்கிய இடம் எங்கள் குவார்ட்டர்ஸில் உண்டு. அங்கே இருந்த என் பழைய சைக்கிளும் தேங்காய் மட்டையும் இடம் காலி செய்தன. இதையெல்லாம் பிடித்து நிறுத்த ஒரு உடம்பு வேண்டுமே, அந்த உடம்புக்கான இரும்புத் தகடுகளைத்தான் அவள் மாதக்கணக்கில் வரைந்தாள். பக்கத் தகடு இரண்டு, குறுக்குத் தகடு, மோட்டாரைப் பிடிக்கிற தகடு என்று ஒவ்வொன்றும் ஒரு உருவம். கழுத்துவலி என்று வேலையை விட்டவள் கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வரைந்தாள். கேட்டால், "அது ஆபீஸ் வலி, இது வேற" என்றாள்.

எனக்கு டிராயிங் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஷிப்ட் முடிந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஓட்டைகளின் நடுவே புள்ளியும் கோடுமாக மாறி மாறி ஓடும் மெல்லிய கோடுகள், இரண்டு பக்கமும் அம்புக்குறி வைத்த அளவுக் கோடுகள், அவற்றின் மேல் எண்கள். பெரிய தகடாக இருந்தால் அளவுகளைத் தகட்டின் உள்ளேயே எழுதுவது அவள் வழக்கம். வலது மூலையில் ஒரு கட்டம் போட்டிருந்தாள். ஆபீஸ் டிராயிங்கில் இருப்பதைப் போலவே அதில் மூன்று அறைகள்: டிரான், செக்டு, அப்ரூவ்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். முதல் அறையில் மட்டும் அவளுடைய இனிஷியல் இருந்தது. மற்ற இரண்டும் காலி.

"வூட்டு மிஷினுக்கு யாரு வந்து அப்ரூவல் குடுக்கப்போறான்?" என்று கேட்டேன்.

"அந்தக் கட்டம் இல்லாட்டி அது டிராயிங்கே இல்ல. வெறும் படம்."

அழகாக இருந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தலையில் ஏறிவிடும் என்று சொல்லாமல் விட்டேன்.

தகடு வெட்ட ஆள் தேடினோம். போனில் லேசர் கட்டிங் என்று தட்டிப் பார்த்தால் எல்லாம் தூரத்து ஊர்களாக வந்தன. ஒரு நாள் பண்ருட்டியிலிருந்து திரும்பும்போது, காடாம்புலியூரைத் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு கேட் கடையைப் பார்த்தோம். இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் வாசல் கேட்டில் தகடு வைத்து அதில் மயில், தாமரை, வேல் என்று வெட்டிக்கொள்கிறார்களே, அந்த வேலை செய்கிற கடை. ஒரு பக்கம் பலாப்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள், மறு பக்கம் மயில்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. உள்ளே லேசர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கடை உரிமையாளர் நாற்பது வயதுக்காரர், நெற்றி நிறைய விபூதி, சிரித்த முகம். "கேட்டுக்குங்களா, பூஜ ரூமுக்குங்களா?" என்றார்.

"மிஷினுக்கு" என்றாள் இவள். அவர் தலையாட்டினார். என்ன புரிந்துகொண்டார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சாய்த்து வைத்திருந்த ஒரு மயிலிடம் இவள் போய், எதையும் கவ்விப் பிடித்து நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்து அதன் கழுத்தை அளந்தாள். பக்கத்தில் இருந்த இன்னொரு மயிலின் கழுத்தையும் அளந்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. வெர்னியர் மூடிய சத்தத்திலேயே கடை பாஸாகிவிட்டது என்று தெரிந்தது.

"ஃபைல்ல இன்னா இருக்குதோ அது அப்பிடியே வரும் மேடம். கூடாது கொறையாது" என்றார் அவர். அந்த வார்த்தைக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. அவள் பின்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் கீரை, நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், கேட்டு கடையிலேந்து பேசறேங்க. தகட்டுக்குள்ள நெறைய கோடு, எழுத்து, அம்பெல்லாம் கீதே. அத்தினியும் வெட்டணுங்களா? இல்ல கொஞ்சம் கொறச்சிக்கலாங்களா?"

குறைத்துக்கொள்ளலாமா என்ற சொல் காதில் விழுந்த உடனே அவள் முதுகு நிமிர்ந்தது. "டிராயிங்ல இருக்கறபடி செய்ங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க" என்றாள்.

"சரிங்க மேடம். ஒரு கோடு வுடாம ஜோரா வெட்டித் தரேன்."

"பாத்தீங்களா, கேக்காம இருந்தா அவர் பாட்டுக்கு எதையாவது விட்டிருப்பார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்தாள். நானும் ஆமாம் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று தோன்றவே இல்லை. டிராயிங்கில் எல்லாக் கோடும் வெட்டுகிற கோடு இல்லை என்பது வொர்க்‌ஷாப்பில் இருக்கிற ஒவ்வொரு ஃபிட்டருக்கும் தெரியும். ஓரக்கோட்டை வெட்டுவான், ஓட்டையைப் போடுவான், மற்றதைப் படித்துக்கொள்வான். அவள் வாழ்நாள் முழுக்க வரைந்தது அப்படிப் படிக்கத் தெரிந்தவர்களுக்காக. லேசருக்குப் படிக்கத் தெரியாது. மயில் வெட்டுகிற கடையில் தோகையில் உள்ள ஒவ்வொரு கோடும் வெட்டுகிற கோடுதான்.

வார விடுமுறை நாளில் எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு போனோம். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். ஓட்டைகளில் போல்ட் எப்படி உட்காரும், தகட்டின் ஓரத்தை அரத்தால் எப்படித் தேய்க்க வேண்டும், முதலில் எந்த இரண்டைச் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காரர்கள்கூட அவ்வளவு பேச மாட்டார்கள்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடினார். உள்ளேயிருந்து ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

தகட்டின் வழியாக ரோட்டில் போகிற பஸ் தெரிந்தது.

புள்ளியும் கோடுமாக ஓடிய நடுக்கோடுகள் எல்லாம் நீளமும் குட்டையுமான பிளவுகளாகத் தகட்டைக் குறுக்கே கடந்து போயிருந்தன. ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு கூட்டல் குறி. அம்புக்குறிகள் அம்புக்குறிகளாகவே விழுந்திருந்தன. எண்களையும் வெட்டியிருந்தார்கள். பூஜ்யங்களின் வயிறு கொட்டிப்போய் வட்ட ஓட்டைகளாக இருந்தன. நாலின் முக்கோணம் காணாமல் போயிருந்தது. சில இடங்களில் கோடும் கோடும் சேர்ந்த மூலையில் துண்டே கழன்று, ஜன்னல் வைத்த மாதிரி இருந்தது. ஆறு மில்லி கனமுள்ள இரும்பு. அதைக் கோலத் தட்டு ஆக்கியிருந்தார்கள்.

"எங்க கடையில இந்த மாதிரி மாடர்ன் டிசைன் வந்ததே இல்லீங்க மேடம். ரெண்டு பேரு பாத்துட்டு, எங்க வூட்டு கேட்டுக்கு இதே வேணும்னு நிக்கிறாங்க" என்றார் அவர். மனசாரச் சொன்னார். பிறகு ஒரு துணிப்பையை எடுத்து மேஜைமேல் கொட்டினார். நீள்சதுரமாகச் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள். "இதுங்கள எங்க மாட்டறதுன்னுதான் தெரியலீங்க. பத்தரமா எடுத்து வச்சிட்டேன்."

வலது மூலைக் கட்டம். அதன் கோடுகளையும் வெட்டியதில் மூன்று அறைகளும் தனித்தனித் துண்டுகளாக வந்துவிட்டிருந்தன.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இன்னாய்யா இது? புத்தி கித்தி இருக்குதா ஒனக்கு? மிஷினுக்குன்னு சொன்னோமே" என்று ஆரம்பித்துவிட்டேன். கடைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. பலாப்பழம் விற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என் முழங்கையைப் பிடித்தாள். "கத்தாதீங்க. அவர் மேல தப்பில்ல. டிராயிங்ல இருக்கறபடிதான் செஞ்சிருக்கார்" என்றாள். அவரிடம் திரும்பி, "வேலை சுத்தமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். தகடுகளைக் காரில் ஏற்றினோம். திரும்பும் வழியில் கார் குலுங்கும்போதெல்லாம் பின் சீட்டில் தகடுகள்தான் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை. தகடுகளைப் பின்பக்கச் சுவரில் சாத்திவைத்தாள். கம்ப்யூட்டரின் மேல் ஒரு டவலைப் போட்டு மூடினாள். சமைத்தாள், துவைத்தாள், டிவி பார்த்தாள். கழுத்துவலி திரும்பிவிட்டது என்றாள். பக்கத்து பிளாக்கில் இருக்கிற ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "வாசல் கேட்டுக்கா? நல்லாருக்கே" என்று கேட்டதற்கு "ஆமாம்" என்றாள். என் மனைவி ஒருவர் சொன்ன தவறான தகவலுக்கு ஆமாம் போட்டதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இவள் இந்த மிஷினை விட்டுவிட்டால், வரைவதையே விட்டுவிடுவாள் என்று தோன்றியது. இவ்வளவு காலம் வரைந்தும் ஒன்றைக்கூட உருப்படியாகத் தொடாமல் போய்விட்டோம் என்ற நினைப்போடுதான் இனி மிச்ச நாளை ஓட்டுவாள். அந்த நினைப்போடு அவள் என் எதிரில் உட்கார்ந்து டிவி பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன். "கவலப்படாத. பொளந்த எடமெல்லாம் வெல்டு அடிச்சி அடச்சி, கிரைண்டர் போட்டுட்டா ஒண்ணும் தெரியாது. எங்க மெயின்டனன்ஸ் பசங்கள இட்டாரேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஆயுத பூஜை பிராக்கெட் தெரிந்தது. நான் வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அன்று காலையில்தான் ஊற்றியிருந்தேன்.

பிறகு ஒரு நாள், காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சோறு மேஜைமேல் மூடியிருந்தது, ஆளைக் காணோம். பின்பக்கம் போனால், பெரிய பக்கத் தகட்டைத் தரையில் படுக்கப் போட்டு, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் வெர்னியர் இல்லை. நீள ஸ்டீல் ஸ்கேல். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒரு ஓட்டையின் இடது ஓரத்திலிருந்து இன்னொரு ஓட்டையின் இடது ஓரம் வரை ஸ்கேலை வைத்தாள். குனிந்து படித்தாள். பிறகு அந்த இரண்டுக்கும் நடுவே தகட்டில் வெட்டியிருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இருநூத்தி நாப்பது" என்றாள், யாரிடமும் இல்லாமல். அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். "தொண்ணூறு." அடுத்த இடம். அங்கேயும் எண் சொன்னபடி இரும்பு இருந்தது.

"சோறு துன்னியா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அழுகிற முகம் இல்லை அது.

"எல்லாமே சரியா இருக்குங்க. எங்க வச்சுப் பாத்தாலும் சரியா இருக்கு" என்றாள். "கோபத்துல இத்தனை நாள் அளந்தே பாக்கல. எத்தனை வருஷம் வரைஞ்சிருப்பேன்? இப்பதான் முதல் தடவையா, நான் போட்டதை ஒருத்தர் அப்படியே செஞ்சிருக்கார்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி மடங்காமல் கஷ்டப்பட்டுத்தான் உட்கார்ந்தேன். எங்கள் பெல்ட்டுக்கு அடியில் நாங்கள் இழுத்த ஓட்டைகளெல்லாம் ஞாபகம் வந்தன. தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். அம்புக்குறியின் முனை விரலில் குத்தியது.

"நல்லா இருக்குது" என்றேன். "வரையும்போதே நல்லாத்தான் இருந்துச்சி. நான்தான் சொல்லல."

"தெரியும். பின்னால நின்னுக்கிட்டு மூச்சு விடுவீங்களே, அதுலயே தெரியும்" என்றாள்.

அன்று சாயங்காலம் டவலை எடுத்தாள். கம்ப்யூட்டரில் வரைபவர்கள் ஓரக்கோட்டை ஒரு அடுக்கிலும் அளவுகளை வேறொரு அடுக்கிலும் வைப்பார்களாம். வேண்டாததை ஒரே சொடுக்கில் மறைத்துவிடலாமாம். அதை மறைக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாம் போன பிறகு, ஓரமும் ஓட்டையும் மட்டும் இருந்த அந்த உருவங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி கழற்றிய கழுத்து மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தாள். அபசகுனமாகப் பேசாதே என்று அதட்டினேன்.

ஃபைலை அனுப்பிய மறுநாளே கடைக்காரர் போன் செய்தார். "மேடம், இந்த வாட்டி டிசைனே இல்லாம மொட்டையா கீதே. மேல எதுனா வுட்டுப்போச்சிங்களா?" நான் பல்லைக் கடித்தேன். அவள் சிரித்துவிட்டாள். எந்தக் கோடு வெட்டுவதற்கு, எந்தக் கோடு படிப்பதற்கு என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மொத டிசைன ஒரு கேட்டுக்குப் போட்டுக்கலாங்களா?" என்றார். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பெரிதாக்கினால் எண்களை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய்யாகிவிடும் என்றாள். அவர் சரி என்றார். மாற்றியிருக்க மாட்டார். அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டு வாசலில் பொய்யான அளவு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும், அதை அவள் கண்ணில் படாமல் வைத்திருப்பது என் பொறுப்பு.

மொட்டைத் தகடுகள் வந்தன. ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. ஒரு இடத்திலும் சுத்தியல் கேட்கவில்லை. நான் போல்ட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் முடுக்கினாள். ஒரு பெரிய இரும்பு நண்டு மாதிரி அது எங்கள் பின்பக்கத்தில் எழுந்து நின்றது. ஆனால் நேராக நிற்கவில்லை. தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஒரு கால் ஆடியது. மரத்துண்டு ஒன்றைச் சீவித் தருகிறேன் என்றேன். வேண்டாம், நீங்கள் குளித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்தபோது கட்டருக்கு அடியில் பலகை பூட்டியிருந்தது. என்னைத்தான் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். மோட்டார்கள் முனகின. கட்டர் கீழே இறங்கி, மரத்தூளைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. ஒரு எளிய சதுரம், அதன் நடுவே ஒரு வட்டம். அது நின்றதும் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கூடவே வெர்னியரையும் கொடுத்தாள்.

"நீங்க அளந்து சொல்லுங்க."

இத்தனை வருஷமாக அதை அவள் என்னைத் தொடவிட்டதில்லை. எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சதுரத்தின் நாலு பக்கத்தையும் அளந்தேன், வட்டத்தையும் அளந்தேன். ஒரு தடவை தப்பாகப் படித்து, திரும்பவும் படித்தேன். அவள் மூச்சு விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிராயிங்ல இருக்கறபடி இருக்குது" என்றேன்.

அவள் துணிப்பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். செக்டு என்று வெட்டிய துண்டு. ஒரு ஆணியை என் கையில் கொடுத்து, அதில் என் இனிஷியலைக் கீறச் சொன்னாள். கோணல்மாணலாகக் கீறினேன். அதைக் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். மிஷினின் நெற்றியில் அவளுடைய இனிஷியல் வைத்த துண்டைக் காலையிலேயே ஒட்டியிருந்தாள். அதன் பக்கத்தில் இதையும் வைத்து ஒட்டினாள். மூன்றாவதற்கு இடம் விடவில்லை.

"அப்ரூவ்டு எங்க?" என்றேன்.

"ஆடிச்சே ஒரு கால், அதுக்கு அடியில வச்சிருக்கேன்" என்றாள். "இப்ப தொட்டுப் பாருங்க, அசையாம நிக்குது."